ஒற்றை வரிசைச் சுவர்

மிளகுக்கு இன்று எட்டு முறை.
ஆறாவதில் சளி,
ஏழாவதில் நூல்போல் ரத்தம்.
வண்டி எண் எழுதும் அதே நோட்டில்
பின்பக்கத்திலிருந்து எழுதி வருகிறேன்.

ஏற்காடு அடிவாரம், சோதனைச் சாவடி, இரவுப் பணி.
மலை ஏறும் வண்டியில் பிளாஸ்டிக் இருக்கிறதா
என்று குனிந்து பார்க்க வேண்டும்.
நான் கண்ணயர்ந்தால் குரைப்பது மிளகு.
பதினோரு கிலோ இருந்தது, இப்போது ஏழரை.
டார்ச் அடிக்காமலே விலா எலும்பை எண்ணலாம்.

பூச்சி மருந்து கொடுத்தாயிற்று.
தயிர்ச்சோறு, மாதுளை ஓடு,
செவ்வாய்ப்பேட்டையில் யாரோ தந்த சூரணம்.
தெய்வாணை மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள்.
மிளகுக்கு மிளகாயா என்று சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்
மயக்க ஊசி போட்டுக் குழாய் விட்டார்கள்.
அரை அரிசி அளவு சதை,
ஆறு இடத்தில் கிள்ளி எடுத்தார்கள்.
முடிவு வந்த அன்று டாக்டர் சுகவனம்
பில்லின் முதுகில் ஒரு கோடு இழுத்தார்.
"குடலுக்கும் ரத்தத்துக்கும் நடுவுல
சுவர்னு இருக்கிறது இவ்வளவுதாங்க.
ஒரே வரிசை செல்.
ஒண்ணோட ஒண்ணு கை கோத்து நிக்கணும்.
இவனுக்கு அந்தக் கை நழுவிப்போச்சு."
கோட்டுக்குப் பின்னால் புள்ளி புள்ளியாக வைத்தார்,
பேனா காகிதத்தைக் கிழிக்கும் வரை.
காவலுக்கு வந்த அணுக்களாம்.
உள்ளே நுழைவது சோறா, நஞ்சா,
பிறந்ததிலிருந்து கூடவே குடியிருக்கும் கிருமியா
என்று பார்க்கப் பொறுமையில்லை அவற்றுக்கு.
எல்லாவற்றின்மேலும் பாய்கின்றன.
பாய்வதில் சுவர் வீங்குகிறது,
வீங்கினால் கை இன்னும் நழுவுகிறது.

சுவர் ஒழுகியதால் காவலுக்கு வெறியா,
காவல் வெறித்ததால் சுவர் ஒழுகியதா,
எது முதலில் சார் என்று கேட்டேன்.
பேனாவை மூடினார்.
"தெரியலைங்க. சரியா யாருக்குமே தெரியலை."

திரும்பும் பேருந்தில்
மடியில் துண்டு விரித்து அதைக் கிடத்தியிருந்தேன்.
மல்லூர் தாண்டும்போது ஞாபகம் வந்தது.
வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம்,
எஸ்டேட் மருத்துவமனையில் கிடக்கும் குழந்தைக்கு
ஒருத்தி கறந்து எடுத்துப்போன தாய்ப்பாலை
பாட்டில் என்பதால் பிடுங்கி வைத்தவன் நான்.
சட்டம் என்று கத்தினேன். கை நடுங்கக் கத்தினேன்.
அதே வாரம், விடிகாலை மூன்று மணிக்கு,
ஒரு லாரி தண்ணீர் பாட்டில்
என் தூக்கத்தின் ஓரமாக
இருபது வளைவும் ஏறிப் போயிருக்கிறது.
இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரை, வாரம் ஒரு பி12 ஊசி.
இதுவரை தின்றே இராத இறைச்சி ஒன்று வேண்டுமாம்.
கோழி, ஆடு, பன்றி, எல்லாம் தின்றிருக்கிறது.
அக்கா புருஷன் மேட்டூரிலிருந்து கட்லா அனுப்புகிறான்.
முள் நீக்கி, உப்பில்லாமல்,
வெந்த ஜவ்வரிசியோடு பிசைந்து வைப்பாள் தெய்வாணை.
வேறு ஒரு பருக்கை உள்ளே போகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைக் கார்கள்தான் தொல்லை.
கண்ணாடி இறங்கும், பிஸ்கட் விழும்.
இப்போது நான் கார்களின் கைகளையும் பார்க்கிறேன்.
"நாய்க்கு எதுவும் போடாதீர்கள், அது நோயாளி"
என்று அட்டையில் எழுதி மாட்டினேன்.
கிரீம் பிஸ்கட்டோடு நின்ற ஒரு சிறுமி
எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு
தானே தின்றாள், மிளகைப் பார்த்தபடி.
அதற்கு என் மேல் கோபம்.
ஸ்டீராய்டு பசி வேறு;
தடுப்புக் கம்பின் துருவைக்கூட நக்குகிறது.

இருபத்து மூன்றாம் நாள்.
பனி இன்னும் முதல் வளைவைவிட்டு இறங்கவில்லை.
புளியமரத்தடியில் முதுகு வளைத்து
வெகுநேரம் நின்றது.
ஓடிப்போய் டார்ச் அடித்தேன்.

கெட்டியாக.
பழுப்பாக.
மூக்கருகே கொண்டுபோகும் அளவுக்கு நான் குனிந்ததை
காய்கறி வேன்காரன் பார்த்துவிட்டான்,
ஆரன் அடிக்கிறான்.

"இது போகாதுங்க, அடங்கும். அவ்வளவுதான்"
என்றுதான் சொல்லி அனுப்பினார் டாக்டர்.
இருக்கட்டும்.
நோட்டைப் பின்பக்கம் புரட்டுகிறேன்:
ஒன்று. கெட்டி. ஐந்து பத்து.
கம்பைத் தூக்க மறந்து நிற்கிறேன்.
மிளகு, எட்டரைக் கிலோவும் அதிரக் குரைக்கிறது
எனக்கா வேனுக்கா தெரியவில்லை.